பெட்டைக் குட்டி வளர்க்கிறீர்களா?

கொல்கத்தாவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், பூனை வளர்ப்பது என்பது பெரும்பாலும் நாமாக எடுக்கும் முடிவல்ல. பூனைதான் அந்த முடிவை எடுக்கிறது. மழைக்கால மாலையில் மாடிப்படி அடியில் ஒரு குட்டி கத்தும். குழந்தைகள் அதைத் தூக்கி வருவார்கள். "ஒரு ராத்திரி இருக்கட்டும்" என்போம். அவ்வளவுதான்! ஊரில் பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்பட்ட நாம்தான், இங்கே அதற்கு மெத்தை தைத்துப் போடுகிறோம். மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பார்ப்பது என்ற பழமொழி, லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள நம்மவர் வீடுகள் சிலவற்றில் நிஜமாகவே நடக்கிறது.

வந்த குட்டி பெட்டையாக இருந்தால், ஐந்தாறு மாதத்தில் ஒரு கேள்வி எழும். கருத்தடை ஆபரேஷன் செய்வதா வேண்டாமா, செய்தால் எப்போது என்பதே அது. எங்கள் வீட்டு மினி விஷயத்தில் டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன். (மினி என்பது எதிர் வீட்டு மாஷிமா வைத்த பெயர். வங்காளத்தில் பாதிப் பூனைகளுக்கு மினி, மீதிப் பாதிக்குப் புஷி!)

முதல் பருவம்

பெட்டைப் பூனை பொதுவாக ஐந்து மாதத்திலிருந்து ஒன்பது மாதத்துக்குள் முதல் பருவத்துக்கு வரும். சில குட்டிகள் நான்கு மாதத்திலேயே வந்துவிடுவதுண்டு. பார்த்தால் இன்னும் பந்து விளையாடுகிற குழந்தையாகத்தான் இருக்கும். ஆகவே பெரும்பாலோர் இதை எதிர்பார்ப்பதில்லை.

நாயைப் போல இரத்தப் போக்கு இருக்காது. அறிகுறிகள் எல்லாம் நடத்தையில்தான் தெரியும். திடீரென்று அடித்தொண்டையில் நீளமாகக் கத்தும், அதுவும் நள்ளிரவில். தரையில் உருளும். நம் கால்களிலும் நாற்காலிக் கால்களிலும் ஓயாமல் உரசும். முதுகைத் தடவினால் முன்பக்கத்தைத் தாழ்த்தி, பின்பக்கத்தை உயர்த்தி, வாலை ஒரு பக்கம் ஒதுக்கிப் பின்னங்கால்களால் தரையை மிதிக்கும். சாப்பாடு குறையலாம். சுவரில் சிறுநீர் பீய்ச்சுவதும் உண்டு. முதல் முறை பார்ப்பவர்கள் வயிற்றுவலி என்றோ, இடுப்பில் அடிபட்டுவிட்டது என்றோ பதறிப்போவார்கள். வலியும் இல்லை, நோயும் இல்லை.

இந்தப் பருவம் ஏறக்குறைய ஒரு வாரம் இருக்கும். சில பூனைகளுக்கு நாலைந்து நாள், சிலவற்றுக்குப் பத்து நாள். "சரி, ஒரு வாரம் பொறுத்துக்கொண்டால் போயிற்று" என்று நினைக்கலாம். இங்கேதான் பூனையின் உடலமைப்பு நம்மை ஏமாற்றுகிறது. கடுவனோடு சேர்ந்த பிறகுதான் பூனைக்குக் கருமுட்டை வெளிப்படும். சேர்க்கை நடக்காவிட்டால் பருவம் அடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தொடங்கும். அடங்கும், மறுபடி தொடங்கும். மாதக் கணக்கில் இது நடந்துகொண்டே இருக்கும்.

எந்தக் காலத்தில் வரும் என்பதைப் பகல் வெளிச்சம் தீர்மானிக்கிறது. பகல் நீள நீளப் பூனையின் உடல் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. கொல்கத்தாவில் டிசம்பரில் பகல் சுமார் பத்தே முக்கால் மணி நேரம். ஜூனில் பதிமூன்றரை மணி நேரம். தை பிறந்து பகல் நீளும்போது பாடாவில் ஹூலோக்களின் கச்சேரி களைகட்டுவது இதனால்தான். (ஹூலோ என்றால் கடுவன் பூனை என்பதை இங்கே பிறந்த நம் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) சென்னையில் குளிர்காலப் பகலுக்கும் கோடைப் பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். ஆகவே அங்கே ஆண்டு முழுவதும் குட்டிகளைப் பார்க்கிறோம். ஆனால் இரவு பதினொரு மணி வரை டியூப் லைட் எரியும் ஃபிளாட்டில் வளரும் பூனைக்கு மார்கழி ஏது, வைகாசி ஏது? அதற்கு எப்போதும் கோடைகாலம்தான்.

அந்த ஒரு வாரத்தில்

மினி எங்களிடம் வந்தபோது வயிற்றுப்போக்கோடு எலும்பும் தோலுமாக இருந்தாள். முதலில் உடம்பு தேறி, இரண்டு கிலோ எடை வந்து, தடுப்பூசிகளும் முடியட்டும் என்றார் டாக்டர். ஜனவரிக் கடைசியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். அதற்கு ஐந்து நாள் முன்னால், ஆறு மாதம் முடிந்த நிலையில், மினியின் கச்சேரி தொடங்கிவிட்டது.

பருவத்தின்போது கருப்பைக்கும் அதைச் சுற்றியும் இரத்த ஓட்டம் அதிகமாக இருக்கும். அந்த நேரத்திலும் ஆபரேஷன் செய்ய முடியும். அவசரமென்றால் செய்கிறார்கள். என்றாலும் பல டாக்டர்கள் பருவம் அடங்கட்டும் என்று காத்திருப்பார்கள். அடங்கியதும் தாமதிக்கக் கூடாது. அடுத்தது தொடங்குவதற்குள் இருக்கும் இரண்டு மூன்று வாரம்தான் வாய்ப்பு. ஆகவே கத்தல் தொடங்கிய தேதியையும் அடங்கிய தேதியையும் காலண்டரில் குறித்து வையுங்கள். டாக்டருக்கு மிகவும் உபயோகப்படும்.

இதற்கிடையில் வீட்டில் செய்ய வேண்டியவை:

கதவும் ஜன்னலும்தான் முதல் காரியம். நம் பழைய வீடுகளில் ஜன்னல் கிராதி மனிதர்களைத் தடுக்கும், பூனையைத் தடுக்காது. கொசுவலை அடித்த ஜன்னல்களை மட்டும் திறந்து வையுங்கள். வேலைக்கு வரும் பெண்மணி, பால்காரர், காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் என்று கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் பூனை ஓர் அறையில் அடைபட்டிருக்கட்டும். ஒரு வாரம் முழுதும் ஜாக்கிரதையாக இருந்துவிட்டு அரை நிமிடம் அசந்தால் போதும்; வெளியே கார்னிஸில் இரண்டு ஹூலோக்கள் காத்திருக்கும்.

திட்டாதீர்கள், அடிக்காதீர்கள். அது பிடிவாதம் பிடிக்கவில்லை. மாலையில் நூலோ பந்தோ காட்டி நன்றாக ஓடவிட்டுக் களைக்கச் செய்யுங்கள். இரவில் விளக்கை அணைத்து, தெருவைப் பார்க்காத அறையில் படுக்க வையுங்கள். மல மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். சில பூனைகள் மடியில் இருந்தால் அமைதியாகும். மினிக்கு அது போதவில்லை. எங்களுக்கு மூன்று இரவு தூக்கம் போயிற்று. மாடியில் குடியிருப்பவர்களிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவிட்டதால் சண்டை இல்லாமல் தப்பித்தோம்.

வீட்டில் இருக்கும் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். நாம் காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடலாம். தூக்க மாத்திரையும் வேண்டாம்.

வீட்டில் கூடப்பிறந்த கடுவன் குட்டி இருந்தால் இரண்டையும் பிரித்து வையுங்கள். அண்ணன் தங்கை என்ற உறவெல்லாம் பூனைக்குத் தெரியாது. கடுவனுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தாலும் அதன் பிறகு சில வாரங்களுக்குச் சினைப்படுத்தும் சக்தி மிச்சமிருக்கும்.

எல்லாம் மீறி ஓடிப்போய்த் திரும்பி வந்துவிட்டால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஆரம்பச் சினையிலும் ஆபரேஷன் செய்ய இயலும். அவர் அதற்கேற்பத் திட்டமிடுவார்.

ஊசி போட்டுத் தள்ளிப்போடலாமா?

பருவத்தை அடக்கும் ஹார்மோன் மாத்திரையும் ஊசியும் இருக்கின்றன. மலிவு, கத்தி இல்லை, தையல் இல்லை என்று சிலர் இதை நாடுகிறார்கள். அடிக்கடி கொடுத்தால் கருப்பையில் சீழ் பிடிப்பது, மார்பகக் கட்டி, சர்க்கரை நோய் இவற்றுக்கு வாய்ப்பு கூடுகிறது. எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில், யாரோ சொன்னதைக் கேட்டு மூன்று ஆண்டு இப்படி ஓட்டினார்கள். நான்காவது வயதில் பூனை சாப்பாட்டை விட்டு, வயிறு உப்பி, தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு கிடந்தது. கருப்பை முழுக்கச் சீழ். எந்த ஆபரேஷனுக்குப் பயந்தார்களோ அதே ஆபரேஷன், நல்ல உடம்பில் நிதானமாக நடந்திருக்க வேண்டியது, காய்ச்சலோடு நடுராத்திரியில் நடந்தது. பூனை பிழைத்தது அதன் அதிர்ஷ்டம்.

எப்போது செய்வது நல்லது?

முதல் பருவத்துக்கு முன்பே, நாலைந்து மாதத்தில் செய்வது இன்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கும் முறை. இதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. பூனைக்கு வரும் மார்பகக் கட்டிகளில் பத்துக்கு எட்டு ஒன்பது புற்றுநோயாக இருக்கும். 2005ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்த பூனைகளுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 91 சதவீதம் குறைந்தது. ஆறு மாதத்துக்கு மேல் ஒரு வயதுக்குள் செய்தவற்றுக்கு 86 சதவீதம். இரண்டாம் வயதில் செய்தவற்றுக்கு 11 சதவீதம்தான். முதல் பருவம் வந்துவிட்டதே என்று சோர்ந்துவிட வேண்டாம். ஒரு வயதுக்குள் செய்தாலே பெரும் பலன். கருப்பையும் சூலகமும் எடுக்கப்படுவதால் சீழ் பிடிக்கும் பயமும் நீங்கிவிடுகிறது.

எங்கே செய்வது? நம் நகரம் இந்த விஷயத்தில் பழம்பெருமை உள்ளது. பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் இங்கே 1861லேயே கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்பவரால் தொடங்கப்பட்டது. பெல்காச்சியாவில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1893ல் ஏற்பட்டது. நம் சென்னைக் கல்லூரி 1903ல்தான் தொடங்கியது. நாம் பத்து வருடம் இளையவர்கள்! பெல்காச்சியா இன்று மேற்கு வங்கக் கால்நடை, மீன்வள அறிவியல் பல்கலைக்கழகமாக (1995) வளர்ந்திருக்கிறது. இவை தவிர தனியார் டாக்டர்கள் பாடாவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். யாரிடம் போனாலும் முன்னதாக மூன்று கேள்வி கேளுங்கள். மயக்க மருந்து கொடுக்குமுன் என்ன பரிசோதனை செய்வீர்கள்? ஆபரேஷனுக்குப் பின் வலிக்கு என்ன கொடுப்பீர்கள்? இரவில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது? பதில் திருப்தியாக இருந்தால் பிறகு கட்டணம் கேட்கலாம்.

ஆபரேஷன் நாளும் பிறகும்

முந்தைய இரவிலிருந்து எவ்வளவு நேரம் பட்டினி போடுவது என்பதை டாக்டரையே கேளுங்கள். சிறு குட்டியை நெடுநேரம் பட்டினி போட்டால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். மூடியுள்ள கூடையில், அடியில் பழைய புடவைத் துண்டு போட்டுக் கொண்டுபோங்கள். கையில் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று கிளம்பிய பலர், பஸ் ஹார்ன் கேட்டதும் கையில் கீறலோடு பூனையைத் தேடி அலைந்திருக்கிறார்கள்.

தையல் வயிற்றின் நடுவிலோ விலாப் பக்கத்திலோ இருக்கும். இரண்டும் சரியான முறைகளே. வீட்டுக்கு வந்த அன்று மயக்கம் தெளியும்வரை தரையிலேயே படுக்க வையுங்கள். கட்டிலிலிருந்தோ அலமாரியிலிருந்தோ தள்ளாடி விழக்கூடும். உடம்பு சூடு குறையும் என்பதால் போர்வை தேவை. மறுநாள் மினி எழுந்து கிண்ணத்தை நக்கினாள். மூன்றாம் நாள் ஸோஃபா மேல் ஏறப் பார்த்தாள். உண்மையில் கஷ்டம் அதற்குப் பிறகுதான். பூனைக்கு உடம்பு சரியாகிவிட்டதாகத் தோன்றும், தையலுக்கு அது தெரியாது. பத்திலிருந்து பதினான்கு நாள் வரை குதிக்க விடாமல், தையலை நக்க விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகக் கழுத்தில் கட்டும் புனல் மாதிரியான பட்டையைப் பரிதாபப்பட்டுக் கழற்றாதீர்கள். அதைப் போட்டுக்கொண்டு மினி பின்பக்கமாகவே வீடு முழுவதும் நடந்தாள். இரண்டாம் நாளில் பழகிவிட்டது. தையல் வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கருத்தடைக்குப் பின் உணவுத் தேவை குறையும், பசி கூடும். அளந்து போடாவிட்டால் ஒரே வருடத்தில் தலையணை ஆகிவிடும். சைவக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: தயிர் சாதம் பூனைக்குப் போதாது. டாரின் என்ற சத்து மாமிசத்தில்தான் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். வீட்டில் மீன் சமைக்க மனமில்லாதவர்கள், கடையில் கிடைக்கும் பூனை உணவை வாங்கிப் போடலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

பாவம் இல்லையா?

இதுதான் நம் வீடுகளில் பெரிய தடை. "ஏம்மா, வாயில்லா ஜீவன். ஒரு தடவையாவது குட்டி போட விட்டுட்டு அப்புறம் பண்ணக் கூடாதோ?" என்று எங்கள் மாமி ஒருவர் கண் கலங்கக் கேட்டார். எதிர் வீட்டு மாஷிமாவோ, "இது மா சஷ்டியின் வாகனம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

சஷ்டி என்றதும் நமக்கு முருகன்தான் நினைவுக்கு வருவான். வங்காளிகளுக்குச் சஷ்டி ஒரு தேவி. குழந்தைகளைக் காப்பவள், பூனை மேல் வருபவள். பிரம்மவைவர்த்த புராணம் இவளை ஸ்கந்தனின் மனைவி தேவசேனை என்கிறது. அதாவது நம் தெய்வானைதான்! ஜாமாய் சஷ்டிக்கு மருமகனை அழைத்து விருந்து வைக்கும் வீடுகளில் சொல்லப்படும் விரதக் கதையும் பூனையைப் பற்றியதே. ஒரு மருமகள் சமையலறையில் திருடித் தின்றுவிட்டுப் பழியைப் பூனை மேல் போடுகிறாள். பூனை தேவியிடம் முறையிடுகிறது. மருமகளின் குழந்தைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. பூனையிடம் மன்னிப்புக் கேட்ட பிறகே திரும்பக் கிடைக்கின்றன.

மாஷிமாவிடம் நான் சொன்னது இதுதான்: கதையில் தேவி கோபப்படுவது பிறந்த குழந்தையைக் காப்பாற்றாததற்கும், பூனைக்குச் செய்த அநியாயத்துக்கும். நாம் காப்பாற்ற முடியாத குட்டிகளைப் பிறக்க வைப்பதுதான் அந்த அநியாயம். மாஷிமா யோசித்தார். ஆபரேஷன் அன்று கூடைக்குள் வைக்கத் துண்டு கொடுத்து அனுப்பியது அவர்தான்.

மாமியின் கேள்விக்கும் பதில் உண்டு. ஒரு முறை ஈன்றால் பூனைக்கு ஆரோக்கியம் என்பதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. தாய்மைக்காக ஏங்குவதும் இல்லை. அது மனிதர்களாகிய நம் எண்ணம். ஒன்பது வாரச் சினை, ஒரு ஈற்றில் சராசரி நான்கு குட்டி, பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி பருவம். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று நடக்கலாம். ஒரு பூனையிலிருந்து ஏழு வருடத்தில் லட்சக்கணக்கான பூனைகள் என்று போஸ்டர்களில் போடுவார்கள். அது எல்லாக் குட்டியும் பிழைத்தால் வரும் கணக்கு. அப்படிப் பிழைப்பதில்லை. தெருக் குட்டிகளில் பெரும்பாலானவை வயிற்றுப்போக்கிலும் சக்கரத்தடியிலும் போய்விடுகின்றன. அந்தக் கணக்கு சரியாக இல்லாமல் இருப்பதே சோகம்.

நம் குடும்பங்களுக்கு மட்டுமான காரணம்

கடைசியாக, வெளியூரில் வாழும் நமக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. நாம் மே மாதத்தில் ஊருக்குப் போகிறவர்கள். ரயிலில் 60 நாள் முன்னதாக முன்பதிவு செய்கிறோம். பூனையின் சினைக்காலம் 63, 65 நாள். டிக்கெட் எடுத்த வாரத்தில் பூனை வெளியே போய் வந்தால், கோரமண்டல் ஏறும் வாரத்தில் பிரசவம்! சாவியை வாங்கிக்கொண்டு தினம் சாப்பாடு வைக்கச் சம்மதித்த பக்கத்து வீட்டுக்காரர் மேல் நான்கு குட்டிகளையும் சுமத்த முடியுமா? சினை இல்லாவிட்டாலும் அந்த ஒரு மாதத்தில் இரண்டு தடவையாவது பருவம் வரலாம். பூட்டிய வீட்டுக்குள் கத்தும் பூனைக்காக யார் கதவைக் காப்பார்கள்?

அதைவிடப் பெரியது மாற்றல் உத்தரவு. பாங்கிலும் மத்திய அரசிலும் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. எங்கள் தெருவிலேயே ஒரு நல்ல குடும்பம் மூன்று வருடம் இருந்துவிட்டு நாக்பூருக்குப் போயிற்று. குழந்தைகள் அழுதார்கள். பூனையையும் அதன் நான்கு குட்டிகளையும் கொண்டுபோக வழியில்லை. படிக்கட்டில் விட்டுப் போனார்கள். பத்தாம் நாள், கட்டடக் காவலாளி குட்டிகளைப் பையில் போட்டு மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வந்தார். தாய் ஒரு வாரம் ஒவ்வொரு வாசலிலும் நின்று கத்தியது. கருத்தடையான ஒற்றைப் பூனைக்கு இடம் தர யாராவது கிடைத்திருப்பார்கள். கூடையில் எடுத்துக்கொண்டு ரயிலேறுவதும் அசாத்தியமில்லை. ஐந்து பூனைக்கு இரண்டு வழியும் அடைபட்டது.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவும் முடியாது. 2001ல் வந்த கருத்தடை விதிகள் தெரு நாய்களுக்காக எழுதப்பட்டவை. 2023ல் புதிய விதிகள் வந்தபின்னும் தெருவில் நடக்கும் வேலை பெரும்பாலும் நாய்களுக்கே. பூனை விஷயம் அதை வளர்ப்பவர் கையில்தான் இருக்கிறது.

ஆகவே உங்கள் வீட்டுக் குட்டிக்கு இப்போது மூன்று மாதம் என்றால், இந்த வாரம் டாக்டரிடம் ஒரு முறை காட்டி எடை பார்த்து, தடுப்பூசித் தேதியையும் ஆபரேஷன் தேதியையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். ஊருக்குப் போகும் தேதி அதற்குப் பிறகு இருபது நாளாவது தள்ளி இருக்கட்டும். கூடை இல்லாதவர்கள் சொல்லி அனுப்புங்கள். எங்களிடம் ஒன்று இருக்கிறது, மினிக்கு இனி அது வருடம் ஒரு முறை தடுப்பூசிக்கு மட்டும்தான் தேவை.